மாப்பிள்ளை கார்

முகூர்த்த நாளில் சுவாமிமலைக் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். முன்பு மாப்பிள்ளை காரென்றால் வெள்ளை அம்பாசிடர்தான். இன்று பூச்சரம் சுற்றிய பென்ஸோ ஆடியோ வருகிறது. புதிது என்று நினைத்துவிட வேண்டாம். பலவும் பத்து வயது தாண்டியவை. பெருநகரத்தில் இரண்டு கை மாறி, புதுச் சின்னக் கார் ஒன்றின் விலைக்குக் காவிரி டெல்டாவுக்கு வந்து சேர்ந்தவை.

அம்பாசிடரும் நோயில்லாத வண்டியல்ல. மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் அச்சில் வங்காளத்து உத்தர்பாராவில் பிறந்து, 2014 வரை முகம் அதிகம் மாறாமல் வந்த கார் அது. சித்திரை வெயிலில் பெட்ரோல் ஆவியாகி நடுவழியில் நிற்கும். பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருப்பார்கள். பாயிண்ட் கரிந்தால் உப்புத்தாளில் ஒரு தேய்ப்பு. ரேடியேட்டர் ஒழுகினால் ஈயப் பற்று. புஷ் தேய்ந்தால் கும்பகோணம் லேத் பட்டறையில் கடைந்து தருவார்கள். மிராசுதார் வீட்டு டிரைவரே பாதி மெக்கானிக். அடிக்கடி செலவு வைக்கும், ஆனால் ஒரேயடியாகக் கவிழ்க்காது.

இன்றைய வண்டி அப்படியில்லை. மாதக்கணக்கில் முனகாமல் ஓடும், திடீரென்று ஒரு நாள் உட்கார்ந்துவிடும். உயர்ரக பென்ஸ்களில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை இருக்கும். ரப்பருக்கு வயதானால் மடிப்பில் கீறல் விழும். ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது என்று அர்த்தம். ‘ஸ்டார்ட் செய்தால் தூக்கிக்கொள்கிறதே’ என்று விட்டுவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். கசிவை ஈடுகட்ட ஓயாமல் ஓடிய கம்பரசரும் கருகிவிடும். கம்பெனிப் பாகமாகப் போட்டால் ஒரு பக்கத்துக்கே லட்ச ரூபாயை ஒட்டிச் செலவாகலாம். காரின் விலைதான் வருஷத்துக்கு வருஷம் இறங்குகிறது. ஐம்பது லட்சத்துக்கு விற்ற காரின் பாகம் அந்த விலையை மறப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு இன்னொரு வியாதி உண்டு. சன்ரூஃபின் ஓரங்களில் தண்ணீர் வடியச் சின்னக் குழாய்கள் இருக்கின்றன. வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் சருகு போய் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கி, தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் ஒயர் இணைப்புகளையும் மின்னணுப் பெட்டிகளையும் பச்சைக் களிம்பு பிடிக்க வைத்துவிடும். பிறகு கண்ணாடி தானாக இறங்கும், சாவி வேலை செய்யாது, பேட்டரி தினமும் செத்துப்போகும். வாங்கப் போகிறவர் என்ஜினைத் திறப்பதற்கு முன் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பார்ப்பது நல்லது. 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நனைந்து, ஏலத்தில் போய்த் திரும்ப மினுக்கப்பட்ட கார்களும் உண்டு. அறுவடை முடிந்தால் வயல் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். அவை பானெட்டுக்குள் புகுந்து ஒயரைக் கடிப்பது தனிக் கதை.

கியர்பாக்ஸ் ஆயிலை ஆயுளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். பி.எம்.டபிள்யூ உட்படப் பல கார்களுக்குக் கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே சுமார் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது.

அன்று சென்னை புதுப்பேட்டையில் கழற்றி எடுத்த அம்பாசிடர் பாகம் பெரும்பாலும் எந்த அம்பாசிடருக்கும் பொருந்தும். பென்ஸின் கியர்பாக்ஸ் கட்டுப்பாட்டுப் பலகையைக் கழற்றி வந்து மாட்டினாலும் வண்டி நகராது. அது பழைய காரின் அடையாளத்தோடு பூட்டப்பட்டிருக்கும். கணினியை இணைத்து அந்தப் பதிவை அழித்து, புதிய காருக்கு எழுத வேண்டும். ஐம்பொன்னில் சாமியை வார்க்கும் சுவாமிமலையானாலும் இது கைவேலைக்கு அடங்குவதல்ல. கம்பெனி அங்கீகரித்த சர்வீஸ் சென்டரைத் தேடி பெரிய நகரத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால் லாரி வாடகையும் சேரும்.

காற்றுப் பையின் செலவைத் தாங்க முடியாதவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சாதாரண காயில் ஸ்பிரிங் மாட்டிக்கொள்கிறார்கள். செலவு பாதிக்கும் கீழே போய்விடும், சொகுசும் கொஞ்சம் குறையும். மாட்டிய கையோடு கணினியில் காற்றுப் பைக்கான பகுதியை நிறுத்தச் சொல்லுங்கள். மறந்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு அணையவே அணையாது.