நான்கு மாதம் முன்னதாக வீடு திரும்பிய பிள்ளைகள்

1978 ஆகஸ்ட். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் டர்ஹம் நகர நீதிமன்றம். கொலைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்த ஒரு தாயை அங்கே அழைத்து வந்திருந்தார்கள். இனி அவருக்கும் அவர் மகனுக்கும் சட்டப்படி எந்த உறவும் இல்லை என்று அறிவிக்கக் கோரி சமூகநலத் துறை மனு போட்டிருந்தது. துறைக்கு வக்கீல் உண்டு, தாய்க்கு இல்லை. சாட்சி சொன்ன சமூகப் பணியாளரை அவரே குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதாயிற்று. அவருக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. தன் பக்கத்தைச் சொல்லத்தான் தெரிந்தது. அவர் வாயிலிருந்து வந்த பலவும் கேள்வியே அல்ல, வாதம் என்று தள்ளப்பட்டன. மகன் மீதான உரிமையும் போயிற்று.

அந்தத் தாயின் பெயரால் லாசிட்டர் வழக்கு என்று சட்டப் புத்தகங்களில் ஏறிவிட்ட இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1981இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: ஏழைப் பெற்றோருக்கு அரசு செலவில் வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்று அரசியலமைப்பு சொல்லவில்லை, வழக்கைப் பார்த்து அந்தந்த நீதிபதி முடிவு செய்யட்டும். இதே நீதிமன்றம் 1963இல், கிடியன் வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு வக்கீல் கட்டாயம் என்று சொல்லியிருந்தது. சிறைக்குப் போகக்கூடியவனுக்கு உறுதி, பிள்ளையை இழக்கப்போகிறவளுக்கு ‘பார்க்கலாம்’. எனக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிபடவில்லை.

நல்ல வேளையாகப் பெரும்பாலான மாநிலங்கள் தம் சொந்தச் சட்டத்தாலேயே வக்கீல் தருகின்றன. நியூயார்க்கில் 1972லேயே அந்த உரிமை வந்துவிட்டது. ஆகவே கேள்வி வேறு பக்கம் திரும்பியது. பெயருக்கு ஒரு வக்கீல் பக்கத்தில் நின்றால் போதுமா? எப்படிப்பட்ட உதவி கிடைத்தால் பிள்ளை சீக்கிரம் வீடு திரும்பும்? மருந்தைச் சோதிப்பது போல இதையும் அளந்து பார்க்க முடியும் என்பதுதான் இந்தக் கதையில் வியப்பு.

அதற்கு முன், வழக்குகளின் தன்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுத்து ஃபாஸ்டர் கேர் எனப்படும் வளர்ப்புக் குடும்பங்களில் விடும் வழக்குகளில், பாதிக்கும் மேற்பட்டவற்றில் பதிவாகும் காரணம் ‘புறக்கணிப்பு’. அந்த ஒரே சொல்லுக்குள் போதைக்கு அடிமையான தகப்பனும் இருப்பார். இரவு வேலைக்குப் போக வேறு வழியில்லாமல் பிள்ளையைத் தனியே விட்டுப் போன தாயும் இருப்பார். முதல் வீட்டில் ஆபத்து, இரண்டாவது வீட்டில் வறுமை. பல வீடுகளில் இரண்டும் கலந்தே கிடக்கும். இதற்கிடையே காலக்கெடு வேறு. 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை வெளியே இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவர அரசு மனு போட்டாக வேண்டும்.

நியூயார்க் நகரில் வெகுகாலம் இந்தப் பெற்றோருக்காக வாதாடியவர்கள் நீதிமன்றப் பட்டியலில் இருந்து நியமிக்கப்படும் தனி வக்கீல்கள். மணிக்கு இவ்வளவு டாலர் என்று கூலி. உதவிக்கு ஆள் கிடையாது. 2007இல் நகர நிர்வாகம் புதிதாக ஒன்றையும் சேர்த்தது. சில சட்ட உதவி அலுவலகங்களோடு ஒப்பந்தம் போட்டது. அங்கே ஒரு பெற்றோருக்கு வக்கீல் மட்டுமல்ல, ஒரு சமூகப் பணியாளரும், இந்த வழிமுறைகளில் அடிபட்டுத் தேறிய இன்னொரு பெற்றோரும் சேர்ந்து துணை நிற்பார்கள்.

இது ஏன் முக்கியம்? நியூயார்க் மாநிலச் சட்டத்தில், எடுத்துச் சென்ற பிள்ளையைத் திருப்பித் தரும்படி தாய் கேட்டால், பொதுவாக மூன்று நீதிமன்ற நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும். அந்த மூன்று நாளில் வீட்டுக்குள் ஒரு தொட்டில் வந்தாக வேண்டும். இரவில் துணைக்கு இருக்கத் தாயின் அக்கா சம்மதிக்க வேண்டும். குழந்தைகள் காப்பகத்தில் ஓர் இடம், போதை மீட்பு மையத்திலிருந்து ஒரு கடிதம். இதில் எதுவும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிக் கிடைப்பதல்ல. அடுத்த வழக்குக்கு ஓட வேண்டிய தனி வக்கீலால் தொட்டில் தேடிப் போக முடியாது. சமூகப் பணியாளரால் முடியும். “கோபம் வந்தாலும் அடக்கிக்கம்மா. பிள்ளையைப் பார்க்கிற நாளை மட்டும் தவறவிடாதே, தவறினா அதையும் எழுதிவைப்பாங்க” என்று நீதிமன்ற வராந்தாவில் வைத்துச் சொல்ல, தன் பிள்ளையை இழந்து மீட்ட ஒருத்தியால் முடியும். கோட்டுப் போட்டவர் இதைச் சொன்னால் அது வெறும் அறிவுரை.

சீட்டுக் குலுக்கி, உனக்கு நல்ல உதவி, உனக்குச் சாதாரண உதவி என்று பெற்றோரைப் பிரித்து யாரும் சோதிக்க முடியாது. ஆனால் நகரில் இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தன. ஆய்வாளர்கள் 2007 முதல் 2014 வரை வந்த வழக்குகளில் 9,582 குடும்பங்களையும் அவற்றின் பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டார்கள். இரு தரப்பும் பின்னணியில் ஒத்திருக்கும்படி புள்ளியியல் முறையில் எடைபோட்டு ஒப்பிட்டார்கள். 2019இல் வெளியான முடிவு: குழுவாகச் செயல்படும் அலுவலகங்களின் உதவி கிடைத்த குடும்பங்களின் பிள்ளைகள், நான்கு ஆண்டுக் கணக்கில், சராசரியாக 118 நாட்கள் குறைவாக வெளியே இருந்தார்கள். கிட்டத்தட்ட நான்கு மாதம். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பிறந்த நாளிலிருந்து ஆறில் ஒரு பங்கு.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அடுத்த முடிவு. பிள்ளைகளைச் சீக்கிரம் அனுப்புவது பெரிய வித்தை இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் யாரும் அனுப்பலாம். திரும்பிய பிறகு துன்புறுத்தல் புகார் மீண்டும் எழுந்து உறுதியானதா என்று பார்த்தார்கள். இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. பாதுகாப்பை விலையாகக் கொடுத்து வாங்கிய வேகம் அல்ல இது. பராமரிப்புச் செலவில் நகருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 கோடி டாலர் மிச்சமாகும் என்றும் ஆய்வு கணக்கிட்டது.

பிரிவதே எப்போதும் கேடு என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இலினாய் மாநிலத்தில் விசாரணை அதிகாரிகள் முறைவைத்து வழக்குகளைப் பெறுவதைப் பயன்படுத்தி, பொருளாதார அறிஞர் ஜோசப் டாயில் ஓர் ஆய்வு செய்தார். ஓர் அதிகாரி எடுத்துச் சென்றிருப்பார், இன்னொருவர் வீட்டிலேயே விட்டிருப்பார் என்ற அளவில் இருந்த பிள்ளைகள், வீட்டில் இருந்தபோதுதான் பிற்காலத்தில் மேலாக இருந்தார்கள் என்று 2007இல் எழுதினார். மிச்சிகனில் பின்னாளில் நடந்த ஆய்வு நேர்மாறாகச் சொன்னது: எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் பள்ளி வருகை கூடியது, மறுபடி துன்புறுத்தப்படுவது குறைந்தது. ஆனால் கூர்ந்து பார்த்தால், அங்கே பெரும்பாலானோர் ஓரிரு ஆண்டில் வீடு திரும்பியவர்கள். முன்னேற்றமும் திரும்பிய பிறகே தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் பெற்றோர் தேறியிருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்த இடைக்காலத்தில் பெற்றோருக்கு யார் துணை என்பதில்தான் இந்த ஆய்வுகள் சந்திக்கின்றன என்று நினைக்கிறேன்.

பணம் கொடுப்பவர்களுக்கு இது மெதுவாகத்தான் உறைத்தது. இத்தகைய வழக்குகளில் அரசுத் தரப்பு வக்கீலின் செலவில் மத்திய அரசு வெகுகாலமாகப் பங்கு கொடுத்துவந்தது. எதிரே நிற்கும் ஏழைப் பெற்றோரின் வக்கீலுக்கும் அந்தப் பங்கைக் கேட்கலாம் என்று விதி தளர்ந்தது 2019 வாக்கில்தான். நியூயார்க்கின் பட்டியல் வக்கீல்களுக்கோ 2004இல் நிர்ணயித்த மணிக்கு 75 டாலர் 18 ஆண்டுகள் அசையவில்லை. நகரில் அது 158 டாலரானது 2022இல் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகு. அதற்கும் வழக்கறிஞர் சங்கங்கள் வழக்குப் போட வேண்டியிருந்தது.