தெளிவும் தூய்மையும்

நுழையும்முன்

புயலும் வெள்ளமும் ஓர் ஊரைச் சூழும்போது முதலில் அரிதாவது குடிநீரே. அத்தகைய நாள்களுக்கு நீரைச் சேமிக்கும் வகையையும், கிடைக்கும் நீரைப் பருகத்தக்கதாக மாற்றும் முறைகளையும், அம்முறைகளின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

வெள்ளத்தின் நடுவே நீர்த்தட்டுப்பாடு

2018ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று அதிகாலையில், நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்சாரம் நின்றதும் ஆழ்துளைக் கிணற்று மோட்டார்கள் நின்றன. மேல்நிலைத் தொட்டிகள் வறண்டன. நிலத்தடியில் நீர் இருந்தும் அதனை மேலே கொணர வழியில்லை. ஜெனரேட்டர்களைக் கொண்டுவந்தே பல ஊர்களில் தொட்டிகளுக்கு நீரேற்றினர்.

2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை கண்டது வேறொரு துன்பம். அங்குத் தெருவெங்கும் நீர் நின்றது. வீடுகளின் நிலத்தடித் தொட்டிகளுக்குள் வெள்ளத்துடன் கழிவுநீரும் புகுந்ததால், இருந்த நீரும் பயனற்றுப் போயிற்று. நீர் எட்டாமற்போவது ஒருவகை இடர். எட்டிய நீர் கெட்டுப்போவது மற்றொரு வகை. முன்னதற்குச் சேமிப்பும் பின்னதற்குத் தூய்மையாக்கலும் தீர்வாகின்றன.

எவ்வளவு சேமிப்பது?

பேரிடர் உதவிப் பணிகளில் உலகெங்கும் பின்பற்றப்படுவது ‘ஸ்பியர்’ கையேடு. பருகவும் உணவின்வழி உடலுக்குக் கிட்டவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லிட்டர் வரை நீர் தேவை என அது கணக்கிடுகிறது. சமையல், கைகால் கழுவுதல் முதலிய அடிப்படைத் தேவைகளையும் சேர்த்தால் 7.5 முதல் 15 லிட்டர் வரை ஆகும். நால்வர் உள்ள குடும்பம் மூன்று நாள்களைக் கடக்கப் பருகுவதற்கு மட்டும் 36 லிட்டர் வேண்டும். இரண்டு மூன்று குடங்களில் இது அடங்கிவிடும். புயல் எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே இவற்றை நிரப்பிவிடுதல் நன்று. புழங்கும் நீரைத் தனியே வாளிகளிலும் அண்டாக்களிலும் நிரப்பலாம். பூச்சிக்கொல்லியோ வேதிப்பொருளோ இருந்த கேன்களை எவ்வளவு கழுவினாலும் குடிநீருக்குப் பயன்படுத்தலாகாது.

தெளிந்த நீரெல்லாம் தூய நீரா?

கலங்கிய நீரைக் கண்டால் எவரும் பருகத் தயங்குவர்; தெளிந்த நீரைக் கண்டால் தயங்குவதில்லை. இடர் இங்கேதான் தொடங்குகிறது. காலரா, டைபாய்டு, வயிற்றுப்போக்கு, மஞ்சட்காமாலை ஆகியவற்றை உண்டாக்கும் நுண்ணுயிரிகள் கண்ணுக்குப் புலப்படா. பளிங்கு போன்ற நீரிலும் அவை இருக்கலாம். வயிற்றுப்போக்கால் உடலின் நீர் விரைந்து வற்றும்போது பெரியவர்களைவிடக் குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். ஆகவே தெளிய வைத்தல், கிருமி நீக்கல், காத்தல் என்னும் மூன்றும் முறையாக நிகழ்தல் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றொன்றை விடுதல் பயன் தராது.

தெளிய வைத்தல்

களிமண் துகள்கள் எதிர்மின்சுமை கொண்டவை. அவை ஒன்றையொன்று விலக்குவதால் எளிதில் அடியில் தங்குவதில்லை. படிகாரமும் முருங்கை விதைத் தூளும் அச்சுமையைச் சமன்செய்கின்றன. உடனே துகள்கள் ஒன்றுதிரண்டு கீழே படிகின்றன. பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையைத் தேய்த்து நீரைத் தெளிய வைப்பது தமிழர் நெடுங்காலமாக அறிந்த முறை. தேற்றுதல் என்னும் சொல்லுக்கே தெளிவித்தல் என்பது பொருள்.

தெளிய வைப்பதால் நீரின் தோற்றம் மட்டும் திருந்துவதில்லை. அடுத்த படிக்கும் அது இன்றியமையாதது. கலங்கல் நீரில் குளோரினை இட்டால், அதன் பெரும்பகுதியை நீரிலுள்ள கரிமப் பொருள்களே செலவழித்துவிடும். துகள்களுக்குள் மறைந்த கிருமிகளும் தப்பிவிடும்.

தெரிந்து தெளிவோம்

அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரீட்டா கோல்வெல்லும் அவருடைய குழுவினரும் வங்காளதேசத்தின் 65 சிற்றூர்களில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். பழைய பருத்திச் சேலையை எட்டு அடுக்குகளாக மடித்து நீரை வடிகட்டிய ஊர்களில் காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமிகள் ஒட்டி வாழும் மிதவை நுண்ணுயிர்களைத் துணி தடுத்ததே அதற்குக் காரணம். துவைத்துத் துவைத்து நூல் பிரிந்த பழைய துணியில் துளைகள் சிறுத்துவிடுவதால், அது புதிய துணியைவிட நன்கு வடிகட்டுகிறது. இவ்வாய்வு 2003இல் வெளியாயிற்று. எனினும் தனித்துத் திரியும் கிருமிகளைத் துணியால் தடுக்க இயலாது.

கிருமி நீக்கல்

கொதிக்க வைத்தலே மிகவும் நம்பத்தக்க முறை. நோய்க்கிருமிகள் பலவும் 70 பாகை செல்சியசு வெப்பத்திலேயே விரைந்து அழிகின்றன. வெப்பமானி இல்லாத வீட்டில் அந்த வெப்பநிலை கடந்துவிட்டதைக் காட்டும் அடையாளமே கொதிநிலை. நீர் தளதளவெனக் கொதித்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். உதகமண்டலம் போல 2000 மீட்டருக்கு மேல் அமைந்த ஊர்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிப்பதால் மூன்று நிமிடங்கள் வேண்டும். எரிபொருள் அரிதான நாள்களில் இந்தக் கணக்கு பெரிதும் உதவும்.

விறகோ எரிவாயுவோ இல்லாதபோது குளோரின் மாத்திரைகள் துணையாகும். மாத்திரையின் அளவுக்கேற்ப நீரின் அளவு மாறுபடும். உறையில் குறித்துள்ளவாறே இடவேண்டும். இட்டபின் அரைமணி நேரம் காத்திருத்தல் கட்டாயம். கிணற்று நீருக்கு வழக்கமாக 1000 லிட்டருக்கு 2.5 கிராம் வீதம் நல்ல பிளீச்சிங் பவுடர் இடப்படுகிறது. வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இது போதாது. அதனை இறைத்து, சேறு நீக்கி, சுகாதாரப் பணியாளர் ஆய்வுசெய்த பின்னரே பயன்படுத்தவேண்டும்.

வெயில் உள்ள நாளில், நிறமற்ற பிளாசுடிக் பாட்டில்களில் தெளிந்த நீரை நிரப்பி ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்துவதும் ஒரு வழியே. வானம் மேகமூட்டமாக இருப்பின் இரண்டு நாள்கள் ஆகும். தொடர்மழையில் இம்முறை உதவாது.

முறைகளின் எல்லை

இம்முறைகள் யாவும் கிருமிகளை ஒழிப்பவை. உப்பையோ வேதிப்பொருள்களையோ நீக்குபவை அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை புகுந்தபோது கடலோரக் கிணறுகள் உவர்த்தன. உப்புநீரைக் கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி உப்பின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. அக்கிணறுகளை அளவுக்கு மீறி இறைப்பதும் தீங்காகும். கடலோர மணலில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய அடுக்காக நிற்கிறது. மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலெழும். அவ்விடங்களில் மழைநீரும், வெளியிலிருந்து வரும் நீருமே நம்பத்தக்கவை.

காத்தல்

கொதித்து ஆறிய நீரில், தன்னுள் புதிதாக விழும் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் எதுவுமில்லை. கழுவாத கை ஒருமுறை குடத்துக்குள் நுழைந்தால், செலவழித்த எரிபொருளும் உழைப்பும் வீணாகும். குளோரின் இட்ட நீரிலோ எஞ்சிய குளோரின் சிறிது காலம் காவல் நிற்கும். பலர் வெறுக்கும் அந்த மெல்லிய மணமே அதற்கு அடையாளம். ஆதலின் வாய் குறுகிய குடமும், இறுக மூடும் மூடியும், நீண்ட கைப்பிடியுள்ள அகப்பையோ குழாயோ தேவை. துயர்துடைப்பு முகாம்களில் பலர் ஒரே பாத்திரத்தில் நீர் எடுப்பதால் இவ்வொழுக்கம் இன்னும் முதன்மை பெறுகிறது.

இவற்றுள் எதற்கும் அரிய கருவி வேண்டியதில்லை. மூடியுள்ள இரண்டு குடங்கள், ஒரு பழைய பருத்திச் சேலை, ஓர் அட்டை குளோரின் மாத்திரை ஆகியவை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எந்த வீட்டிலும் சேர்த்து வைக்கத்தக்கவை. அவற்றைப் பயன்படுத்தும் வரிசையை அறிந்த ஒருவர் அவ்வீட்டில் இருந்தால், வெள்ளம் வடியும்வரை அங்குள்ள குழந்தைகளுக்குப் பாதுகாப்பான குடிநீர் கிடைக்கும்.