குடுமியை வெட்டு... பூ கொட்டும்!

பூவால பேர் வாங்கின ஊர் எது தெரியுமா மக்களே? புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கிற நம்ம குடுமியான்மலைதான்!

சாமிக்கு வெச்சிருந்த பூவைத் தன் காதலிக்குக் கொடுத்துட்டார் ஓர் அர்ச்சகர். அந்த நேரம் பார்த்து ராஜா விசிட்! பதறிப்போய் அதே பூவைத் திரும்ப வாங்கி பிரசாதமா நீட்ட, அதுல ஒரு நீள முடி. ராஜா முறைக்க, 'நம்ம சாமிக்குக் குடுமி இருக்கு மன்னா'னு அள்ளிவிட்டார் அர்ச்சகர். அவரைக் காப்பாத்த லிங்கத்துலயே குடுமி முளைச்சதுனு சொல்லுது தலக்கதை.

7-ம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டைப் பார்க்க இங்கே வர்றவங்க அதிகம். ஆனா அண்ணா பண்ணை, அரசு தோட்டக்கலைப் பண்ணை, 2014-ல் தொடங்கின வேளாண் கல்லூரினு செடி கொடிக்கும் இது முக்கியமான ஊர். அதனால இந்த வாரம் மேட்டர், மல்லிகையின் குடுமி!

கத்தரிதான் அலாரம்

2007-ல் திறந்த ஸ்ரீநகர் ட்யூலிப் தோட்டத்தில் அக்டோபர், நவம்பரில் கிழங்கை மண்ணுக்குள் வெச்சிடுவாங்க. பல வாரம் குளிர் வாங்கினாதான் வசந்தத்தில் பூக்கும். அதுக்கு அலாரம் அடிக்கிறது குளிர். நம்ம புதுக்கோட்டை மார்கழிக்கு அவ்வளவு சக்தி ஏது?

இங்கே அலாரம் அடிக்கிறது கத்தரி. மல்லிகை பூக்கிறது புதுக் கிளையில்தான். பழைய கிளைகளை வெட்டினா புதுத் துளிர் கிளம்பும், துளிர் நுனியில் மொட்டு வரும். இதுக்குப் பேர் கவாத்து. ஆளாளுக்கு டேட் வேற!

குண்டுமல்லி - நவம்பர் கடைசி வாரம்
பிச்சி - டிசம்பர் கடைசி வாரம்
முல்லை - ஜனவரி கடைசி வாரம்

முதல்ல தண்ணியைக் கொஞ்ச நாள் நிறுத்தணும். அப்புறம் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு வெட்டணும். காய்ஞ்ச குச்சி, நோய் பிடிச்ச கிளை எல்லாம் அவுட். வேரைச் சுத்தி மண்ணைக் கொத்தி, தோட்டத்துச் செடின்னா ஒண்ணுக்கு 10 கிலோ மக்கின தொழு உரம் போட்டு தண்ணி விட்டா, மார்ச்சில் மொட்டு ரெடி. ஜாடிச் செடிக்கு ரெண்டு கை உரம் போதும். அடியில் ஓட்டை அடைக்காம இருக்கணும், நல்ல வெயில் படணும். அவ்வளவுதான்!

மனசு வருமா?

இங்கேதான் சிக்கல். மார்கழியில் மல்லி வரத்து குறைஞ்சு, கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டுற சீஸன் அது. பத்து மொட்டு கிடைச்சாலும் காசு. அந்த நேரத்தில் செடியை மொட்டை அடிக்கச் சொன்னா, கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோற விவசாயிக்கு எப்படி மனசு வரும்? வெட்டாம விட்டா, செடி புதரா மண்டி கோடை மகசூல் படுத்துடும். கோடையிலோ எல்லார் தோட்டமும் சேர்ந்து பூக்கும், விலை இறங்கும். அதனால செப்டம்பர் கடைசியிலேயே கவாத்து பண்ணி, விலை ஏறுற நாட்களைப் பிடிக்கிற முறையும் உண்டு. ஆனா அந்தத் துளிர் ஐப்பசி, கார்த்திகை அடைமழையைத் தாண்டி வரணுமே! எப்போ வெட்டறதுங்கிறது ஒரு குடும்பத்தோட வருஷ பட்ஜெட் பாஸ்.

கிழங்குக் கோஷ்டி

'எனக்குக் கிழங்குதான் வேணும்'னு அடம்பிடிக்கிறவங்களுக்கு சம்பங்கி இருக்கு. பூர்வீகம் மெக்ஸிகோ! இலை மஞ்சளானதும் கிழங்கைத் தோண்டி, ஒரு மாசம் நிழலில் ரெஸ்ட் கொடுத்து, ஜூன், ஜூலையில் நடணும். 25-30 கிராம் கிழங்கா பார்த்து எடுங்க. ஒரு தடவை நட்டா மூணு வருஷம் பூக்கும்.

நம்ம மாநில மலர் செங்காந்தளும் கிழங்குதான். ட்யூலிப்புக்கு நேர் எதிர் கேரக்டர். கோடையில் தூங்கும், மழையில் எழுந்து பூக்கும். ஜாக்கிரதை... கிழங்கு, விதைனு முழுக்க விஷம். குட்டிப் பசங்க இருக்கிற வீட்டில் வேண்டாம்.

சாமந்திக்கு ராத்திரி நீளமானாதான் மொட்டு வைக்கும். அதனால ஜாடியைத் தெரு லைட்டுக்குக் கீழே வெச்சுட்டு 'ஏன் பூக்கலை?'னு திட்டாதீங்க!

நவம்பர் கடைசியில் செமஸ்டர் ஜுரத்தில்தான் இருப்பீங்க. ஒரு அரை மணி நேரம் புக்கை மூடிட்டு கத்தரியை எடுங்க. இந்தப் பரீட்சைக்கு ரிசல்ட் மார்ச்சில், அதுவும் வாசனையோட!