1,200 ரூபாயை யார் தருகிறார்கள்?

நாகலாபுரம் பக்கம் முதியோர் உதவித்தொகையைப் ‘பென்ஷன்’ என்றுதான் சொல்வார்கள். மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்தவர்களுக்கும் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டியவர்களுக்கும் பி.எஃப். பிடித்தம் ஏது? மாதம் வரும் 1,200 ரூபாய் முழுக்க இன்றைய அரசுப் பணம்.

தமிழ்நாடு 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய உதவி இது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. ஒன்றிய அரசுத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் 60 முதல் 79 வயதுக்காரருக்கு டெல்லியின் பங்கு 200 ரூபாய். 2007இலும் அதே 200தான். துவரம்பருப்பு விலை மட்டும் அப்படியே நிற்கவில்லை.

‘இளைஞர் வரி கட்டுகிறார், கிழவர் வாங்கிச் சாப்பிடுகிறார்’ என்ற பேச்சு பாதிதான் உண்மை. சோப்பு வாங்கும் பாட்டியும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். பாட்டிக்கு அந்த உதவித்தொகை வராவிட்டால் திருப்பூரில் வேலை பார்க்கும் மகன்தான் தன் கூலியில் பிய்த்து அனுப்ப வேண்டும். பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 2007இலேயே வந்துவிட்டது. கோட்டாட்சியரிடம் மனு போட்டால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கேட்கலாம். அன்றாடங்காய்ச்சி மகன்மேல் எந்தத் தாய் மனு போடுவாள்?

ஆனால் கணக்கு இறுகத்தான் போகிறது. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021இல் 13.6 சதவீதம், 2031இல் 18.2 ஆகும் என்பது ஒன்றிய அரசின் மக்கள்தொகைக் கணிப்பு. ஆனாலும் முதியோருக்கான செலவெல்லாம் சுமையல்ல. 2021இல் தொடங்கிய மாநில அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சிறுநீரகம் கெட்டபின் டயாலிசிஸுக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு. நாளை வரி கட்டப்போகிறவருக்கும் லாபம்.

அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. 2025-26 பட்ஜெட் மதிப்பீட்டின்படி மாநிலத்தின் கடன் 9 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது. வருவாய்ப் பற்றாக்குறை மட்டும் 41,000 கோடிக்கு மேல். பாலம் கட்டக் கடன் வாங்கினால் அதில் நடக்கப்போகிற பிள்ளைகளும் கொஞ்சம் கட்டட்டும், தப்பில்லை. மாதச் செலவுக்கே கடன் வாங்கினால், இன்று விளாத்திகுளம் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் தலையில் வட்டியை வைக்கிறோம்.

அந்தப் பிள்ளைக்கு 18 வயதானதும் அடல் பென்ஷன் திட்டத்தைக் காட்டுவோம்: மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயதிலிருந்து மாதம் 5,000. விலைவாசி ஏறினாலும் அந்த 5,000 ஏறாது. ஆக, அந்தப் பிள்ளை அரசு வாங்கிய கடனையும் கட்ட வேண்டும், தன் முதுமைக்கும் தானே சேர்க்க வேண்டும். முதியோர் பணத்தில் கை வைத்து இதைச் சரிசெய்ய முடியாது. டெல்லி தன் 200 ரூபாயை விலைவாசியோடு உயர்த்தட்டும். சென்னை தன் வருவாய்ப் பற்றாக்குறையை எந்த ஆண்டுக்குள் அடைக்கும் என்று தேதி சொல்லட்டும்.