அந்துப்பூச்சிக்கு விடும் பொய்யழைப்பு

செழித்து நிற்கும் நெற்பயிரில் நடுக்குருத்து மட்டும் காய்ந்து, பிடித்திழுத்தால் கையோடு வந்துவிடுவதை உழவர் அறிவர். கதிர் வெளிவரும் பருவத்தில் தாக்கினால், மணி பிடிக்காத வெண்கதிர் தலை நிமிர்ந்து நிற்கும். இரண்டும் குருத்துப்பூச்சியின் வேலையே. இதனைக் கண்டபின் மருந்துக் கடைக்கு ஓடுவோர் பலர். ஆனால் புழு அதற்குள் தண்டினுள் புகுந்துவிட்டது; மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் அதனை எட்டாது. கடன் வாங்கிய பணம் வீணாகிறது. தெளித்தவர் உடலிலும் நஞ்சு ஏறுகிறது.

எனவே முன்னதாக அறியவேண்டியது, அந்துப்பூச்சிகள் வயலுக்கு எப்போது வருகின்றன என்பதே. இதற்கு உதவுவது இனக்கவர்ச்சிப் பொறி.

பெண் அந்து இரவில் ஒருவகை மணப்பொருளைக் காற்றில் விடுகிறது. ஆண் அதனைத் தொடர்ந்து வந்து சேர்கிறது. 1959ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பூட்டெனான்ட் குழுவினர், ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிப் பெண் அந்துகளிலிருந்து சில மில்லிகிராம் அளவே இத்தகைய பொருளைப் பிரித்தெடுத்தனர். இன்று அதுபோன்றவற்றை ஆய்வுக்கூடத்தில் உருவாக்கி, சிறு ரப்பர் குமிழில் ஏற்றி விற்கின்றனர். நெற்குருத்துப்பூச்சிக்கும் பருத்தியின் பச்சைக் காய்ப்புழுவுக்கும் முதன்மையான இரு பொருள்கள் ஒன்றே என்பது வியப்புக்குரியது. விகிதம்தான் வேறு: முன்னதற்கு 3க்கு 1, பின்னதற்கு 97க்கு 3. ஆண் அந்து இதில் ஏமாறுவதில்லை! ஆகவே பூச்சியின் பெயரைச் சொல்லியே குமிழை வாங்குதல் வேண்டும்.

கண்காணிப்பதற்கு ஹெக்டேருக்கு 5 பொறிகள் போதும். பயிருக்குச் சுமார் 1 அடி மேலே இருக்குமாறு கட்டி, பயிர் வளர வளர உயர்த்துக. குமிழைக் கையுறையின்றித் தொடலாகாது. 3 அல்லது 4 வாரத்திற்கொருமுறை மாற்றுக.

பொறி கட்டியாயிற்று, இனிப் பூச்சி வராது என்று சிலர் எண்ணுகின்றனர். அது தவறு. இந்த 5 பொறிகள் காவலாளிகள் அல்ல, கணக்கர்கள். விழுபவை ஆண்கள் மட்டுமே; தப்பிய ஓர் ஆண் பல பெண்களுடன் கூடக்கூடும். நாள்தோறும் எண்ணிக் குறிப்பேட்டில் எழுதுவதே பயன். எண்ணிக்கை ஏறினால் வயலில் இறங்கி இலைநுனிகளைப் பார்க்க வேண்டும். மயிர்போர்த்த முட்டைக் குவியல்களைக் கிள்ளி அழிக்கலாம். டிரைக்கோகிரம்மா என்னும் சிறு குளவியின் அட்டைகளைக் கட்டலாம். சதுர மீட்டருக்கு 2 குவியல் என்ற எல்லையை எட்டினால்தான் மருந்தைப் பற்றி எண்ணுவது முறை. பொறி வெறுமையாக இருக்க, அண்டை வயலார் தெளிக்கிறார் என்பதற்காக நாமும் தெளிப்பானேன்?

எண்ணும் பணியைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பையில் வேறு பூச்சிகளும் விழும். பழுப்பு நிறச் சிற்றந்துகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். மஞ்சள் இறகில் ஒற்றைக் கரும்புள்ளியுடைய பெண் அந்தைப் பையில் தேடவேண்டாம். அது இலைநுனியில் முட்டையிட்டுக் கொண்டிருக்கும்.