காப்பிக் கொட்டைக்குள் ஒரு கத்தரிக்கோல்

விபத்தில் அடிபட்டவரோ பிரசவத்தில் உதிரப்போக்குக்கு ஆளான தாயோ மருத்துவமனையை அடைந்ததும் எழும் முதற் கேள்விகளுள் ஒன்று, "என்ன ரத்தப் பிரிவு?" என்பதாகும். பிரிவு மாறிச் செலுத்தப்படும் ரத்தம் உயிரையே பறித்துவிடக்கூடும். இப்பிரிவுகளை 1901-இல் உலகுக்கு விளக்கியவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அதற்காக 1930-இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

பிரிவுகளுக்கிடையே உள்ள வேறுபாடு எத்துணைச் சிறியது தெரியுமா? சிவப்பணுக்களின் மேற்புறத்தில் சர்க்கரை மூலக்கூறுகள் சங்கிலியாய்க் கோக்கப்பட்டுள்ளன. ஓ பிரிவுச் சங்கிலியின் நுனியில் காலக்டோஸ் என்னும் சர்க்கரை ஒன்று கூடுதலாக அமைந்தால் அது பி பிரிவு. வேறொரு சர்க்கரை அமைந்தால் ஏ பிரிவு. அந்தக் காலக்டோஸை மட்டும் நறுக்கி அகற்றிவிட்டால், பி ரத்தம் ஓ ரத்தத்தைப் போலாகிவிடும்!

அவ்வாறு நறுக்கவல்ல ஒரு நொதி, வறுக்காத காப்பிக் கொட்டையில் உள்ளது. ஆல்பா காலக்டோசிடேஸ் என்பது அதன் பெயர். விதையில் சேமிக்கப்பட்ட சர்க்கரைச் சங்கிலிகளை உடைத்து, முளைக்கும் குருத்துக்கு உணவாக்க உதவுவது அதன் இயற்கைப் பணி. நாம் பருகும் காப்பியில் அது செயல்படுவதில்லை. வறுக்கும் வெப்பம் அதைச் சிதைத்துவிடுகிறது.

இந்நொதியைத் தனியே பிரிப்பது பொறுமை வேண்டும் பணி. பச்சைக் கொட்டையை அரைத்துச் சாறு வடிப்பர். அதில் அம்மோனியம் சல்பேட் உப்பைச் சேர்த்துப் புரதங்களைப் படியவைப்பர். படிவைக் கரைத்து, பிசின் நிரப்பிய குழாய்களின் வழியே செலுத்திச் சிறு சிறு பங்குகளாகச் சேகரிப்பர். நொதி எந்தப் பங்கில் உள்ளது? காலக்டோஸுடன் நிறப்பொருளொன்றைப் பிணைத்துச் சேர்த்தால், நொதி அப்பிணைப்பை வெட்டும்போது மஞ்சள் நிறம் வெளிப்படும். நிறத்தின் செறிவே நொதியின் அளவு. பின்னர் அதன் எடையையும், அதற்கேற்ற வெப்பத்தையும் அமிலத்தன்மையையும் ஆராய்வர். இத்தூய்மை இன்றியமையாதது, புரதத்தைச் சிதைக்கும் வேறு நொதி கலந்திருந்தால் சிவப்பணுக்களே பழுதாகும்.

நியூயார்க் ரத்த மையத்தைச் சேர்ந்த ஜாக் கோல்ட்ஸ்டீன் குழுவினர் இந்நொதியால் பி அணுக்களை ஓ அணுக்களாக மாற்றினர். ஏ, பி, ஓ ஆகிய பிரிவினரின் உடலில் அவை இயல்பாக உயிர்வாழ்ந்ததை 1982-இல் வெளியிட்டனர். ஆயினும் குறைகள் இருந்தன. நொதி பெருமளவில் தேவைப்பட்டது; மென்மையான அமிலச் சூழலில்தான் அது நன்கு வேலை செய்தது; ஏ பிரிவின் சர்க்கரையை அதனால் நீக்க இயலவில்லை. 2007-இல் டென்மார்க்கின் ஹென்ரிக் கிளாசன் குழுவினர், இரு பிரிவுகளுக்கும் ஏற்ற நொதிகளை நுண்ணுயிர்களிடமிருந்து கண்டறிந்தனர். அந்த ஆய்வுகள் இன்றும் தொடர்கின்றன.

எனினும், பிரிவு மாற்றிய ரத்தம் இன்னும் மருத்துவமனைகளின் அன்றாடப் பயன்பாட்டுக்கு வரவில்லை. அதுவரை, உயிருக்குப் போராடும் ஒருவருக்கு நம்பிக்கை, அவருக்குப் பொருந்தும் ரத்தத்தை மனமுவந்து வழங்கும் இன்னொரு மனிதரே. உங்கள் ரத்தப் பிரிவு என்னவென்று அறிந்துவைத்திருக்கிறீர்களா?