பிள்ளைகள் விரும்பி உண்ண மீன் சமைப்போம்

“மீன் வேண்டாம், மணக்குது” என்று கோப்பையைத் தள்ளிவிடும் பிள்ளை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் உண்டு. வயலும் மாட்டுப்பட்டியும் கோழிக்கூடும் சொந்தமாக இருந்த காலத்தில் இதை யாரும் பெரிதுபடுத்தவில்லை. மீன் இல்லாவிட்டால் தயிர், தயிர் இல்லாவிட்டால் முட்டை. இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு இந்த மாற்றுவழி அடைபட்டுவிடுகிறது. நிவாரணமாகக் கிடைக்கும் அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய் என்பன வயிற்றை நிரப்பும். வளரும் பிள்ளையின் தேவை முழுவதையும் அவை தீர்க்கமாட்டா. திருகோணமலை மாவட்டத்தில் கூலிக்குப் போய்வரும் குடும்பம் கைக்காசு கொடுத்து வாங்கக்கூடிய மாமிச உணவு பெரும்பாலும் மீன்தான். அதையும் பிள்ளை ஒதுக்கிவிட்டால் கிளினிக்கில் நிறை பார்க்கும்போது பதிவேட்டிலுள்ள கோடு கீழே சரியத் தொடங்கும்.

100 கிராம் பச்சை மீனில் ஏறத்தாழ 18 முதல் 20 கிராம் வரை புரதம் உண்டு. முள்ளோடு உண்ணக்கூடிய சிறு மீன்களில் எலும்புக்கும் பல்லுக்கும் வேண்டிய கல்சியம் இருக்கிறது. கடல் மீனில் அயடினும் உண்டு. மீனிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதாகச் சேரும். அதுமட்டுமன்றி, கூடவே உண்ணும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளவும் மீன் துணைபுரிகிறது. ஆகையால் பருப்பும் கீரையும் உள்ள கோப்பையில் தீப்பெட்டியளவு மீன் துண்டு ஒன்று சேர்ந்தாலே பலன் பெரிது. சாப்பாட்டோடு பிள்ளைக்குத் தேநீர் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். தேயிலைச் சாயம் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும்.

மீன் மாறினால் மணமும் மாறும்

நமது மாவட்டத்து மக்கள் 1985, 1990, 2006 எனப் பல தடவை ஊரை விட்டு ஓடியவர்கள். 2006இல் மாவிலாற்றுத் தகராற்றை அடுத்து மூண்ட சண்டையில் மூதூர் மக்கள் பலர் கந்தளாய்ப் பக்கம் போனார்கள். சம்பூர், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரை வழியாக மட்டக்களப்புக்குப் போனார்கள். பின்னர் கிளிவெட்டி, பட்டித்திடல் முதலிய இடங்களில் முகாம்கள் அமைந்தன. சம்பூரார் பலருக்கு ஊர் திரும்பும் வழி 2015க்குப் பிறகே திறந்தது. இப்படி இடம் மாறும்போது சட்டியில் விழும் மீனும் மாறிவிடுகிறது என்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குளத்து விராலும் திலாப்பியாவும் தின்று வளர்ந்த பிள்ளைக்குக் கரையோரத்தில் கிடைக்கும் சூடையும் சூரையும் புதிய உணவு. கடற்கரையில் வளர்ந்த பிள்ளைக்குக் குளத்து மீனின் சேற்று மணம் பிடிப்பதில்லை. பிள்ளை வேண்டுமென்று அடம்பிடிப்பதாக நினைத்து அடிப்பதற்கு முன், அதன் நாக்குக்குப் பழக்கமில்லாத ஒன்றை நாம் கொடுக்கிறோமா என்று யோசிக்கவேண்டும்.

இரண்டு மணங்களுக்கும் காரணம் வேறு. உப்புக் கடலில் வாழ்வதற்காகக் கடல் மீனின் தசையில் இயற்கையாகவே ஒரு பொருள் இருக்கிறது. மீன் செத்தபின் கிருமிகள் அதைத் தாக்கி, நாம் ‘வெடில்’ என்று சொல்லும் நாற்றமாக மாற்றுகின்றன. நேரம் போகப்போக நாற்றம் கூடும். புளி பட்டால் அது ஆவியாகி மூக்கில் ஏறாமல் அடங்கிவிடும். நம் அம்மம்மாமார் மீன் கறிக்குப் பழப்புளியும் கொறுக்காய்ப்புளியும் தேசிக்காயும் சேர்த்தது ருசிக்காக மட்டுமன்று. குளத்து மீனின் சேற்று மணமோ குளத்துநீரில் வளரும் பாசியிலும் கிருமிகளிலும் இருந்து வருவது. அது தோலிலும் கொழுப்பிலும் கருஞ்சதையிலும் தங்கும். ஆகவே திலாப்பியாவின் தோலை உரித்து, கருஞ்சதையை வெட்டி நீக்கிவிட்டுப் புளித்தண்ணீரில் கழுவினால் பெரும்பகுதி போய்விடும்.

எந்த மீனானாலும் செவுளை முழுதாக எடுத்துவிடுங்கள். வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புச் சவ்வையும் நடுமுள்ளை ஒட்டி உறைந்திருக்கும் இரத்தத்தையும் விரலால் சுரண்டவேண்டும். நாற்றத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. உப்பும் மஞ்சளும் தேசிப்புளியும் பூசிப் பத்து நிமிடம் வைத்துக் கழுவினால் போதும். தண்ணீர் வரிசையில் நின்று எடுக்கவேண்டிய இடத்தில் ஐந்தாறு தடவை கழுவச் சொல்வது நியாயமில்லை. முதலில் ஒழுங்காகச் சுரண்டினால் இரண்டு தடவை கழுவுவதே போதுமானது.

வாங்கும்போது

திருகோணமலை ஆழமான இயற்கைத் துறைமுகம். சூரை, கெளவல்லா போன்ற பெரிய மீன்களும் கரைக்குச் சற்றுத் தொலைவிலேயே பிடிபடுகின்றன. கொட்பேயில் இறங்கும் மீன் சைக்கிள் பெட்டியில் உள்ளூருக்கு வரும்போது வெயில் ஏறிவிடும். இந்த வகை மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தால் அவற்றில் ஒருவகை நச்சு உண்டாகும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடல் கடித்து, தலையிடியும் வாந்தியும் வரும். நாக்கில் மிளகுபோல் உறைத்தால் உடனே நிறுத்திவிடுங்கள். மலிவாகக் கிடைத்தது என்று கண் குழிந்த சூரையை வாங்குவதைவிட அன்று பருப்போடு விடுவது நல்லது.

கரையோரத்துக்குப் புதிதாக வந்த குடும்பங்கள் இன்னொன்றையும் அறிந்திருக்கவேண்டும். வலையில் படும் பேத்தை மீனை யார் சும்மா தந்தாலும் வாங்கவேண்டாம். பந்துபோல் ஊதும் இந்த மீனின் ஈரலிலும் சினையிலும் தோலிலும் உள்ள விஷம் எவ்வளவு நேரம் சமைத்தாலும் அழியாது. அது மூச்சை நிறுத்தி உயிரை எடுக்கும்.

முள்ளுப் பயம்

மணத்துக்கு அடுத்தது முள்ளு. ஒரு தடவை தொண்டையில் முள்ளுக் குத்திய பிள்ளை பல மாதம் மீனைத் தொடாது. அந்தப் பயம் நியாயமானது; அதைக் கேலி செய்யக்கூடாது. முள்ளுக்கு ஏற்ற மீனைத் தெரிவு செய்வதே வழி.

சுறாவுக்கும் திருக்கைக்கும் முள்ளுக் கிடையாது, மெல்லெலும்பு மாத்திரமே. அறுக்குளா, சூரை, பாரை போன்றவற்றில் பெரிய நடுமுள்ளைக் கழற்றிவிட்டால் மிச்சத்தைக் கையால் கண்டுபிடித்துவிடலாம். விராலும் அப்படியே. தொல்லை கொடுப்பவை சூடை, சாளை, கீரி முதலிய சிறு மீன்கள். ஆனால் மலிவும் சத்தும் இவற்றில்தான். அறுக்குளா வாங்கும் காசுக்கு இவற்றில் பல மடங்கு வாங்கலாம். இதனால் இச்சிறு மீன்களை ஒதுக்காமல் முள்ளை இளக்கிச் சமைக்கப் பழகவேண்டும் என்பதே எமது கருத்து.

அதற்கு மண்சட்டியும் புளியும் பொறுமையும் வேண்டும். சூடை மீனைத் தலை, குடல் நீக்கிச் சட்டியில் நெருக்கமாக அடுக்குங்கள். கொறுக்காய்ப்புளியை, இல்லாவிட்டால் கட்டியான பழப்புளியைக் கரைத்து, உப்பு, இடித்த மிளகு, உள்ளி, கறிவேப்பிலை சேர்த்து, மீன் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு மூடிவிடுங்கள். முதலில் ஒரு கொதி கொதித்தபின் தணலில் இரண்டு மூன்று மணி நேரம் கிடக்கட்டும். விறகுத் தட்டுப்பாடு நமக்குத் தெரியும். சோறு வடித்தபின் அடுப்பில் கிடக்கும் தணலே இதற்குப் போதும், இடையில் இரண்டு சுள்ளி வைத்தால் சரி. புளியும் நீண்ட நேரச் சூடும் சேர்ந்து முள்ளை மாவாக்கிவிடும். ரின் மீனில் முள்ளு மெதுவாக இருப்பதும் நீண்ட நேரம் உயர்ந்த சூட்டில் அவிந்ததால்தான். வீட்டில் செய்யக்கூடியதற்கு ரின்னுக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும்? விரலுக்கிடையில் வைத்து நசித்துப் பாருங்கள். நசிந்தால் பிள்ளைக்குக் கொடுக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அப்போதும் நடுமுள்ளை எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

தப்பித்தவறி முள்ளுக் குத்திவிட்டால் சோற்றுருண்டையையும் வாழைப்பழத்தையும் விழுங்கச் செய்யும் பழைய வைத்தியம் வேண்டாம். அது முள்ளை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடலாம். நோவு தொடர்ந்தால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், மூச்சுத் திணறினால் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

பிள்ளைகளுக்குப் பிடித்த சில சமையல்கள்

மீனே வேண்டாம் என்னும் பிள்ளைக்கு முதலில் கொடுக்கவேண்டியது சுறா வறை. பிள்ளை பெற்ற தாய்க்குப் பால் சுரக்குமென்று நம்மவர்கள் கொடுப்பதும் இதுவே. சிறிய பால்சுறாவாகப் பார்த்து வாங்கி, துண்டு போட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்து அவித்து அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். சுறாவின் சதையிலிருந்து எழும் கார நெடி அந்தத் தண்ணீரோடு போய்விடும். தோலை உரித்து, சதையை உதிர்த்து, கையால் நன்றாகப் பிழியவேண்டும். தாச்சியில் சிறிது எண்ணெய் விட்டு வெங்காயம், கறிவேப்பிலை வதக்கி, உதிர்த்த மீனையும் அதில் பாதியளவு தேங்காய்ப்பூவையும் போட்டு, மெல்லிய நெருப்பில் ஈரம் வற்றும்வரை கிளறுங்கள். காரத்துக்குச் செத்தல் மிளகாய் வேண்டாம். கொஞ்சம் மிளகும் சின்னச்சீரகமும் இடித்துத் தூவலாம். இறக்கியபின் தேசிப்புளி. மீனென்று தெரியாமலே தின்னும் பிள்ளைகள் உண்டு. சுறா கிடைக்காவிட்டால் திருக்கையிலோ முள்ளெடுத்த சூரையிலோ இதேபோல் செய்யலாம்.

இந்த வறையைப் புட்டோடு சேர்ப்பது இன்னும் நல்லது. புட்டுக்குழலில் தேங்காய்ப்பூ போடும் இடத்தில் ஒரு பிடி வறையைப் போட்டு அவித்துவிடுங்கள். நிவாரண மாவில் அவிக்கும் புட்டு சப்பென்றிருக்கும் என்று பிள்ளைகள் முறையிடும் வீட்டில் இது இரண்டு முறைப்பாட்டையும் ஒரேயடியாகத் தீர்க்கும்.

கறியின் உறைப்பைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்குச் சொதி. விளை, ஒட்டி, பாரை எதுவானாலும் சரி. வெங்காயம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலையை இரண்டாம் பாலில் கொதிக்கவிட்டு மீனைப் போடுங்கள். பச்சைமிளகாயைக் கீறாமல் முழுதாகப் போட்டால் வாசம் வரும், உறைப்பு இறங்காது. மீன் வெந்ததும் முதற்பால் விட்டு, ஒரு கொதி தெரிய இறக்கி, தேசிப்புளி விடவேண்டும். அடுப்பில் இருக்கும்போது புளி விட்டால் பால் திரைந்துவிடும். முதல் நாள் சொதியை மட்டும் இடியப்பத்தில் ஊற்றிக் கொடுங்கள். பிறகு ஒரு சிறு துண்டை அதற்குள் மசித்துவிடுங்கள்.

கையில் பிடித்துத் தின்னும் பண்டத்தில் பிள்ளைகளுக்குத் தனி ஆசை. அவித்த மரவள்ளிக் கிழங்கை மசித்து, முள்ளெடுத்த மீன், வெங்காயம், மிளகு சேர்த்துத் தட்டையாகத் தட்டி, தோசைக்கல்லில் எண்ணெய் தடவி இரு பக்கமும் வாட்டி எடுங்கள். உருளைக்கிழங்கு வாங்கிக் கடையில் விற்கும் கட்லற்போல் பொரிக்கத் தேவையில்லை. மரவள்ளியை மூடாத சட்டியில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிடவேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பலாக்கொட்டைக் காலத்தில் அதையும் அவித்து மசித்துச் சேர்க்கலாம்.

வாடைக் காற்று வீசும் மாதங்களில்

கார்த்திகை முதல் தை மாசி வரை கிழக்குக் கடல் கொந்தளிக்கும். சிறு படகுகள் பல நாள் கரையில் கிடக்கும், மீன் விலை ஏறும். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் நல்ல பருவத்திலேயே படகுகள் முடங்கியதையும் கண்டோம். அந்த நாட்களுக்கு நெத்தலிக் கருவாட்டுத் தூள் போத்தலில் இருக்கட்டும். கருவாட்டின் தலையையும் குடலையும் கிள்ளிவிட்டு, உப்புப் போக இரண்டு தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வெறுந்தாச்சியில் முறுக வறுத்து இடித்து அரிக்கவேண்டும். காயாமல் இடித்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஆறு மாதம் முடிந்த குழந்தையின் குழைசோற்றில் அரைத் தேக்கரண்டி, பெரிய பிள்ளையின் முருங்கையிலை வறையில் இரண்டு தேக்கரண்டி. வேலியில் நிற்கும் முருங்கையும் இந்தத் தூளும் சேர்ந்தால் மழைக்காலத்தில் அதைவிட மலிவான சத்துணவு கிடையாது.

பிள்ளைக்கு ஊட்டும் முறையையும் சொல்லவேண்டும். புதிய உணவொன்றைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவைகூடச் செல்லலாம். இரண்டு தரம் துப்பியதும் “இவனுக்கு மீன் சரிவராது” என்று முடிவுகட்டிவிடுகிறோம். மூக்கைப் பிடித்து வாயில் திணித்தால் மறுதரம் சட்டியின் மணத்துக்கே அழும். கவளத்துக்குள் நகத்தளவு மீன் வைத்து, உங்கள் விரலால் முள்ளுப் பார்த்துக் கொடுங்கள். துப்பினால் விட்டுவிட்டு இரண்டு நாள் கழித்து மீண்டும் கொடுங்கள். அண்ணன், அக்கா தின்பதைக் கண்டு தின்னும் பிள்ளைகளே அதிகம், ஆகையால் எல்லோரும் ஒன்றாக இருந்து சாப்பிடுங்கள். நல்ல மீனைத் தின்ற பின்பும் ஒவ்வொரு தடவையும் உடலில் தடிப்புப் போட்டால் அல்லது வாந்தி எடுத்தால் அது ஒவ்வாமையாக இருக்கலாம். மீனை நிறுத்திவிட்டுப் பிள்ளையின் பதிவேட்டோடு குடும்ப நல உத்தியோகத்தரிடம் போங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.